யாரும் மனப்பாடம் செய்யாத பக்கம்

"வீட்டுலதானே இருக்கீங்க" என்று யாராவது சொன்னால் அவளுக்கு உள்ளங்காலில் தொடங்கி உச்சந்தலை வரை எரியும். சபையில் அதைச் சொல்லாத ஆள் இல்லை. திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவ ஆள் வேண்டுமா, அவள் வீட்டில்தானே இருக்கிறாள். ஓய்வுநாள் பாடசாலை நாடகத்துக்குத் தேவதூதர்களின் இறக்கை ஒட்ட வேண்டுமா, வீட்டில்தானே இருக்கிறாள். ஒரு சகோதரிக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தால் அந்தச் சகோதரியின் இரண்டு வாண்டுகளும் காலையிலேயே இவள் வாசலில் வந்து நிற்கும். அந்த நேரத்தில்தான் இவள் சமையலறை மேசையைத் துடைத்து, அடுப்பில் பாலை வைத்து, பெரியவளுக்கு வகுத்தல் கணக்கும், தம்பிக்கு வாசிப்பும், சின்னதுக்கு ஒரு கரண்டியும் காலி டப்பாவும் கொடுத்துப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருப்பாள் என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. பள்ளிக்கூடம் என்றால் மணி அடிக்க வேண்டும் போலிருக்கிறது. இங்கே அடித்தது குக்கர் விசில் மட்டும்தான்.

பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிப்பிப்பது என்று அவள் பொழுதுபோகாமல் முடிவு செய்யவில்லை. பெரியவள் பள்ளிக்கூடம் போன முதல் வருடத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்தாள். தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னாள். இவள் ஜெபம் பண்ணினாள், அழுதாள், பிறகு ஒரு நாள் பையைப் பரணில் போட்டுவிட்டாள். ஏசி மெக்கானிக்கான கணவன் தலையைச் சொறிந்துகொண்டே சம்மதித்தான். அவனுடைய அக்கா சம்மதிக்கவில்லை. அவள் இருபது வருடமாகச் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் டீச்சர். வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் உட்காரும் முன்பே, "எங்க, இதை வாசி பாக்கலாம்" என்று பிள்ளைகளிடம் எதையாவது நீட்டுகிற ரகம்.

அந்த அக்காவின் வாய்க்குப் பயந்துதான் கணவன் ஒரு நிபந்தனை போட்டான். தம்பிக்கு எட்டு வயது முடிவதற்குள் அவன் சரளமாக வாசிக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேரும் அக்காவின் பள்ளிக்கூடத்துக்கு. "சரி" என்று இவளும் மார்தட்டிச் சொல்லிவிட்டாள்.

சொன்னதில் தப்பில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தம்பி வாசித்தான். அதுவும் எப்படி. காலையில் இவள் வேதப்பகுதியை ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டுவாள். பிறகு பெரியவள் வாசிப்பாள். சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் அப்பா முன்னால் தம்பி புத்தகத்தை மடியில் விரித்து, கணீரென்ற குரலில், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி வாசித்து முடிப்பான். கதைப் புத்தகங்களும் அதே வழியில்தான் நடந்தன. வீட்டுக்கு ஜெபிக்க வந்த பாஸ்டர் ஒருமுறை அதைக் கேட்டுவிட்டுக் கண் கலங்கினார். அன்றிலிருந்து அவனுக்குச் சபையில் 'குட்டிப் பாஸ்டர்' என்று பேராகிவிட்டது.

பேரோடு விட்டிருக்கலாம். பாஸ்டர் 'குடும்ப ஞாயிறு' என்று ஒன்றை ஏற்பாடு செய்தார். வெளியூரிலிருந்து பெயர் பெற்ற பிரசங்கியார் வருகிறார். குட்டிப் பாஸ்டர் மேடையேறி வேதம் வாசிக்கிறார். அதைப் பார்த்து மற்ற குடும்பங்களும் உற்சாகம் அடைய வேண்டும். பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே சபை வாசலில் பேனர் கட்டியாகிவிட்டது. அதில் தம்பியின் முகம் அவனுடைய நிஜ உயரத்துக்கு இருந்தது. கீழே, 'வீட்டிலேயே கற்று, வேதத்தை வாசிக்கும் சிறுவன்.' கிண்ணம் கழுவக் கேட்டவர்கள் இப்போது பிள்ளையையும் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள் என்று அவள் பொருமினாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மூலையில் பெருமையாகத்தான் இருந்தது. நாத்தனாரை முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்று கூட நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரத் தொடக்கத்தில் பாஸ்டரம்மா மேடைக்கென்று வாங்கிய புது வேதாகமத்தை வீட்டுக்கு அனுப்பிவைத்தார். பெரிய எழுத்து, கனத்த அட்டை, பிரித்தால் பசை வாசனை. "புள்ள இதுலயே பழகட்டும்" என்று சொல்லியனுப்பியிருந்தார். படகில் இருந்தவர்கள் புயலில் மாட்டிக்கொண்டு அலறுகிற பகுதிதான் ஞாயிற்றுக்கிழமைக்கான வாசிப்பு. தம்பி மேசைமேல் புத்தகத்தை விரித்து ஆரம்பித்தான். அவள் சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் பொங்குகிறதா என்று ஒரு கண்ணும், மகன்மேல் ஒரு கண்ணுமாக நின்றாள்.

காற்று அடித்தது, அலை எழும்பியது, தம்பி பக்கத்தைத் திருப்பினான்.

அவள் எட்டிப் பார்த்தாள். முந்தின பக்கத்தில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. புதுப் புத்தகத்தில் எழுத்து பெரிது. வீட்டுப் புத்தகத்தில் பக்கம் முடிகிற இடத்தில் இதில் முடியாது. தம்பி திருப்பிய பக்கத்தில் படகும் இல்லை, புயலும் இல்லை. அங்கே பன்றிக்கூட்டம் ஒன்று மலையிலிருந்து கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இவனோ விரலை அந்தப் பன்றிகள்மேல் ஓட்டிக்கொண்டே, ஒரு சொல் பிசகாமல், கடலை அமைதியாக்கிக்கொண்டிருந்தான்.

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அவள் அசையவில்லை.

"தம்பி, இங்க பாரு. இது என்ன வார்த்தை?" என்று ஒன்றின்மேல் விரல் வைத்தாள்.

அவன் வார்த்தையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். "நீங்க முதல்ல சொல்லுங்கம்மா. அப்புறம் நான் சொல்றேன்."

"இது?"

"அதுவும் நீங்க சொல்லுங்க."

எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரியும். அழகாகப் பார்த்து எழுதுவான். ஆனால் அவற்றைச் சேர்த்து ஒரு சொல்லாக்கச் சொன்னால் அவனுக்கு வியர்த்தது. இத்தனை நாள் அவன் வாசித்தது கண்ணால் அல்ல, காதால். ஒருமுறை, இரண்டுமுறை கேட்டால் போதும், அப்படியே பதிந்துவிடும். அதைப் பார்த்துத்தான் பாஸ்டர் கண் கலங்கினார். அதைப் பார்த்துத்தான் இவளும் மார்தட்டினாள்.

யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அவள் பெரியவள் பக்கம் திரும்பினாள். வகுத்தல் கணக்கின்மேல் குனிந்திருந்த அந்தத் தலை நிமிரவே இல்லை. அதிலேயே எல்லாம் புரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"எப்ப இருந்து?"

"ரொம்ப நாளா. பக்கம் எங்க திருப்பணும்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்." சீவின பென்சிலையே மறுபடியும் சீவிக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு அத்தை வந்துட்டுப் போனப்புறம் நீங்க குளியலறைக்குள்ள தண்ணியத் திறந்துவிட்டுட்டு அழுதீங்கல்ல. இவன் வாசிக்கலைன்னா ஸ்கூலுக்கு அனுப்பிடுவீங்களேன்னு அப்பாகிட்ட சொன்னீங்க. அதான்."

பொய் சொல்லக் கூடாது என்று இந்த மேசையில்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். கை கூப்பவும் கண்ணை மூடவும் இதே மேசையில்தான். இரண்டும் சேர்ந்து, அம்மா அழக் கூடாது என்பதற்காக, வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு தினம் ஒரு நாடகம் போட்டிருக்கின்றன. அவளுக்குக் கோபம் பொங்கியது. பிள்ளைகள்மேல் அல்ல. நிபந்தனை போட்ட கணவன்மேல், அதைப் போடவைத்த நாத்தனார்மேல், பேனர்மேல், எல்லோரையும்விட இரண்டு வருடமாகப் பக்கத்திலேயே இருந்தும் பார்க்காத தன்மேல். சின்னது அவள் காதைப் பிடித்து இழுத்தது. அதற்கு மட்டும்தான் இதில் பங்கில்லை.

கழுவி வைத்திருந்த கிண்ணங்களை எடுத்துக்கொண்டு மதியமே பாஸ்டர் வீட்டுக்குப் போனாள். முன்னறையில் மடக்கு நாற்காலிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

பாஸ்டர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதுல என்ன சிஸ்டர் இருக்கு? வசனம் புத்தகத்துல இருக்கறதைவிட இருதயத்துல இருக்கறது மேல்தானே?"

"அப்ப புத்தகம் இல்லாமச் சொல்லட்டும் ஐயா. மனப்பாடமாச் சொல்றான்னே சொல்லிடலாம்."

"வாசிக்கும் சிறுவன்னு பேனர்ல போட்டாச்சேம்மா" என்றார் பாஸ்டரம்மா. "புத்தகத்தை முன்னாடி விரிச்சு வச்சுக்கட்டும். யாருக்குத் தெரியப் போகுது?"

"அவனுக்குத் தெரியும்."

"சின்னப் புள்ளம்மா."

"சின்னப் புள்ளைங்களுக்குத்தானே ஓய்வுநாள் பாடசாலையில பொய் சொல்லக் கூடாதுன்னு பாட்டுப் பாடித் தர்றீங்க. பெரியவங்களுக்கு அந்தப் பாட்டு கிடையாதா?"

பாஸ்டர் கையை உயர்த்தினார். அவருக்குக் கோபம் வராது. அதுதான் அவரிடம் பெரிய தொல்லை. "சிஸ்டர், நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். உங்க வீட்டுக்காரர் வச்ச நிபந்தனை எனக்கும் தெரியும். விஷயம் வெளிய வந்தா சபைக்கு ஒண்ணும் ஆகாது. நஷ்டம் உங்களுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை முடியட்டும். அப்புறம் மெதுவா வாசிக்கச் சொல்லிக் கொடுங்க. நீங்க வீட்டுலதானே இருக்கீங்க."

அவள் வெளியே வந்தாள். தெருவெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே நடந்தாள். திட்டத் திட்ட ஒன்று மட்டும் முள்ளாகக் குத்தியது: அவர் சொன்னது சரி. ஒரே ஒரு ஞாயிறு, மேடையில் ஐந்து நிமிடம். நாத்தனார் வாயடைத்துப் போவாள், கணவன் தோளைத் தட்டுவான், பிறகு யாருக்கும் தெரியாமல் இவள் தம்பிக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்துவிடலாம். எந்தப் பள்ளிக்கூடம் இதைக் கண்டுபிடிக்கப் போகிறது? வீட்டுப் படி ஏறும்போது அவள் ஏறக்குறைய சம்மதித்துவிட்டிருந்தாள்.

கதவைத் திறந்தால், இரண்டும் மேசையில் உட்கார்ந்திருந்தன. புது வேதாகமம் விரிந்திருந்தது. "இந்தப் புத்தகத்துல அங்க இல்லடா" என்று பெரியவள் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "காத்து நின்னுடுச்சுன்னு வருதுல்ல, அப்பத் திருப்பணும். அதுவரைக்கும் விரலை மெதுவா ஓட்டு. ரொம்ப வேகமா ஓட்டினா கண்டுபிடிச்சிடுவாங்க."

எவ்வளவு நல்ல டீச்சர். இவள் சொல்லிக் கொடுத்ததைவிடத் தெளிவாகச் சொல்லிக் கொடுத்தாள்.

அவள் போய்ப் புத்தகத்தை மூடினாள்.

சாயங்காலம் கணவனிடம் சொன்னபோது அவனும் முதலில் சிரிக்கத்தான் செய்தான். "அத்தனையும் மனப்பாடமா? எம்புள்ளடா." பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை மென்று விழுங்கினான். "சரி, இப்ப என்ன பண்றது? அக்காகிட்ட என்ன சொல்ல?"

"தோத்துட்டேன்னு சொல்லுங்க."

"ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது..."

"ஒரு மணி நேரம்கூட இல்ல. உங்க அக்காவுக்குப் பயந்து நீங்க நிபந்தனை போட்டீங்க. உங்களுக்குப் பயந்து நான் அழுதேன். எனக்குப் பயந்து இதுங்க ரெண்டும் பொய் சொல்லுது. இனி யாரும் யாருக்கும் பயப்பட வேண்டாம். ஸ்கூல்ல சேர்க்கணும்னா சேர்த்துடுங்க. ஆனா என் புள்ள வேதத்தை வச்சுக்கிட்டு நடிக்க மாட்டான்."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சரி, சேர்த்துடலாம்" என்றான். அதைக் கேட்க அவள் தயாராகத்தான் இருந்தாள். இருந்தும் எழுந்து போய்ப் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகத் தேய்த்தாள்.

இருக்கிற நாள்களையாவது வீணாக்கக் கூடாது என்று மறுநாளே ஆரம்பித்தாள். ஆனால் எதை வைத்து ஆரம்பிப்பது? வீட்டில் இருந்த புத்தகம் எல்லாம் அவன் காதுக்குள் ஏற்கெனவே போயிருந்தது. புதிதாக ஒன்றைக் கொடுத்தாலும் இரண்டாம் தடவை வாசிக்கும்போதே மனப்பாடமாகிவிடும். அதனால் யாரும் ஒருநாளும் வாய்விட்டு வாசிக்காதவற்றைத் தேடினாள். சோப்புத்தூள் டப்பாவின் முதுகு. இருமல் மருந்துப் பாட்டில். கணவன் கொண்டுவந்த ஏசிப் பெட்டியின் 'இந்தப் பக்கம் மேலே.' கடைத்தெருவில் ஒவ்வொரு பலகையாக நின்று நின்று போனார்கள். பூட்டுக்கடை வாசலில் நின்று தம்பி எழுத்து எழுத்தாக முட்டி மோதி, "பூட்டு... பழுது... பார்க்கப்... படும்" என்று முடித்தபோது கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். "ஒண்ணும் வேண்டாம், வாசிச்சிட்டான்" என்றாள் அவள். கடைக்காரர் இவளுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

சனிக்கிழமை அவள் தம்பியிடமே கேட்டாள். "நாளைக்கு மேடையில ஏறலைன்னு சொல்லிடட்டுமா? இல்ல, ஏறி, தெரியாத இடமா ஒரு வரி நிஜமா வாசிக்கறியா? திக்கும்."

"திக்கினா சிரிப்பாங்களா?"

"சிரிக்கலாம்."

"நீங்க பக்கத்துல நிப்பீங்களா?"

"நிப்பேன்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப வாசிக்கறேன். நடிக்கறதுதாம்மா கஷ்டம். எப்பவும் பயமாவே இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்து வழிந்தது. பிரசங்கியார் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வரிசையில் நாத்தனார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு. கணவன் தன் அக்காவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவனுக்கு அவ்வளவுதான் தைரியம். "இப்போது நம்முடைய குட்டிப் பாஸ்டர் வேதம் வாசிப்பார்" என்று பாஸ்டர் அறிவித்ததும் கைத்தட்டல். தம்பி எழுந்தான். சின்னதை இடுப்பில் வைத்தபடி அவளும் எழுந்தாள். பாஸ்டரின் சிரிப்பு பாதியில் நின்றது.

மேடையில் படகுப் பகுதி ஏற்கெனவே விரித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் அதை மூடினாள். மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என் பையனுக்கு இன்னும் சரியா வாசிக்க வராது. இத்தனை நாளா மனப்பாடமாச் சொன்னதை நாங்க எல்லாரும் வாசிப்புன்னு நம்பிட்டோம். பார்க்க வேண்டிய நானே பார்க்கல. வெளிய பேனர்ல இருக்கறது உண்மை இல்ல. இது பாஸ்டர் ஐயாவுக்கும் செவ்வாய்க்கிழமையிலிருந்தே தெரியும்."

யாரோ இருமினார்கள். பாஸ்டர் கூரையில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

"அவன் இப்ப ஒரு வரி வாசிப்பான். நானும் அவனுக்கு இதை வாசிச்சுக் காட்டினதில்ல. நேரமாகும். உட்கார்ந்து கேளுங்க."

அவள் புத்தகத்தைப் புரட்டி, யார் யாருக்கு மகன், அவன் யாருக்கு மகன் என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள் மட்டும் போகிற இடத்தைத் திறந்தாள். எந்தக் குடும்ப ஜெபத்திலும் எல்லோரும் தாண்டிப் போகிற இடம் அது. கண்ணை மூடி ஒரு வரியின்மேல் விரலை வைத்தாள்.

தம்பி குனிந்தான். முதல் எழுத்தைச் சொன்னான். இரண்டாவதைச் சொன்னான். நின்றான். மறுபடியும் முதலிலிருந்து வந்தான். அந்தப் பெயரை வைத்த தகப்பன் கையில் கிடைத்தால் அவள் நாலு வார்த்தை கேட்டிருப்பாள், அவ்வளவு நீளம். பின்வரிசையில் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான், அவன் அம்மா அவன் தொடையில் கிள்ளினாள். பிரசங்கியார் காலை மாற்றிப் போட்டார். தம்பியின் மேலுதட்டில் வியர்வை அரும்பியது. பெயரை ஒருவழியாகக் கடந்து அடுத்த பெயரில் முட்டிக்கொண்டான். பாஸ்டர் மெல்ல அருகில் வந்து, "போதும் ராஜா, தேவனுக்கு மகிமை, நல்லா வாசிச்சே" என்று மைக்கை நோக்கிக் கையை நீட்டினார்.

"பாஸ்டர், அவன் முடிக்கட்டும்."

குரல் மூன்றாவது வரிசையிலிருந்து வந்தது. நாத்தனார் எழுந்து நின்றிருந்தாள். வகுப்பில் பிள்ளைகளை அடக்குகிற குரல் அது. பாஸ்டரின் கை தானாகக் கீழே இறங்கியது. "வாசிக்கற புள்ளையைப் பாதியில நிறுத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். இவளைப் பார்க்கவில்லை. தம்பியின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணவன் சேர்த்துடலாம் என்று சொல்லியிருந்தாலும், பள்ளிக்கூடமா வீடா என்ற பேச்சு மதியச் சாப்பாட்டில் வந்தே தீரும். நாத்தனார் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை, இவளும் இல்லை. வரட்டும், பேசிக்கொள்ளலாம். இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தாலும் சரி, இனி ஒருவரும் இவனால் முடியாத ஒன்றுக்காக இவனைக் கைதட்டிக் கொல்ல முடியாது.

தம்பி கடைசிப் பெயரை எழுத்து எழுத்தாகப் பிடித்து, சேர்த்து, ஒரே மூச்சில் சொன்னான். கைதட்டுவதா, ஆமென் சொல்வதா என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். காது இரண்டும் சிவந்திருந்தன.

"அடுத்த வரியும் வாசிக்கட்டுமாம்மா?" என்று கேட்டான். ஒலிபெருக்கி அதையும் எல்லோருக்கும் சொன்னது.

பிரசங்கியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாஸ்டர் அவளைப் பார்த்தார். அவள் சின்னதை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"வாசி" என்றாள்.